காயாத கரடி

செப்டம்பர் 20

இந்த டைரி பழைய வருடத்தது. உரக் கம்பெனிக்காரர் அம்மாவுக்குக் கொடுத்தது. இதில் அச்சடித்திருக்கும் கிழமைகள் எல்லாம் பொய், தேதி மட்டும் உண்மை. எனக்கென்றே செய்தது போல இருக்கிறது.

இன்று பள்ளி மணியின் நாக்குக்கு சாக்ஸ் மாட்டிவிட்டேன். பியூன் அண்ணன் தொங்கித் தொங்கி அடித்தும் 'தொப், தொப்' என்றது. கணக்குப் பரீட்சை பத்து நிமிடம் தள்ளிப்போனது. ஒன்பதாம் வகுப்பே எனக்கு நன்றி சொல்லியது. ஹெச்.எம். மட்டும் சொல்லவில்லை. அவருக்கு ஹெச்.எம். என்று பேர் வந்ததே எதற்கும் முதலில் 'ஹ்ம்' என்பதால்தான் என்று நினைக்கிறேன்.

"ஹ்ம். லோகேஸ்வரி. சாக்ஸ் யாரோடது?"

"மணியோடது மிஸ்."

"எந்த மணி?"

"அடிக்கிறோமே, அந்த மணி. பாவம், குளிரும்ல."

தண்டனை உடனே வந்தது. வன உயிரின வாரத்துக்கு வனத்துறை ஓவியப் போட்டி வைக்கிறது. நீர்வண்ணம் மட்டும்தான். ஒவ்வொரு பள்ளிக்கும் குலுக்கலில் ஒரு விலங்கு. எங்கள் பள்ளிக்கு விழுந்தது கரடி. எங்களுக்கு ஓவிய ஆசிரியர் இல்லை.

"கரடி விடறதுல உன்னை மிஞ்ச இந்தப் பள்ளிக்கூடத்துல ஆளில்ல. கரடி உனக்குத்தான். ரெண்டாம் தேதி என் மேசையில இருக்கணும்."

பன்னிரண்டு வில்லை வண்ணப்பெட்டி, மூன்று தூரிகை, நான்கு கெட்டித்தாள், ஒரு துண்டறிக்கை. 'முதன்முறையாக நீர்வண்ணத்தில் காட்டுவிலங்கு: எட்டுப் படிகள்.' ஒன்பதாவது வரை வந்தவளுக்கு எட்டுப் படி ஏறத் தெரியாதா?

செப்டம்பர் 21

முதல் படி: பென்சிலால் மெல்லிய கோடு. பெரிய வட்டம் உடல், சிறிய வட்டம் தலை, அதிலிருந்து நீளும் மூக்கு.

அம்மா கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். "உருளைக்கிழங்கு மூட்டைக்கு எதுக்குடி காது?"

பக்கத்து வீட்டு சந்தனமேரி அக்காவும் சன்னல் வழியாக மூக்கை நுழைத்தார். எஸ்டேட்டில் எல்லாரும் கொழுந்து பறிக்கப் போனபின் குழந்தைகளை வைத்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவுக்கு அவர்தான் ராணி. முப்பது குழந்தைகளை ஒரே அதட்டலில் தூங்கவைக்கும் குரல். போன மாதம் நான் பால் டின்னில் தவளை வைத்ததை அம்மாவிடம் போட்டுக்கொடுத்தவர்.

"லோகு, கண்ணாடியப் பாத்து வரையிறியா? அப்படியே இருக்கு."

"கண்ணாடில நீங்கதான்க்கா தெரியறீங்க, சன்னல அடைச்சுக்கிட்டு நின்னா."

"வாயப் பாரு வாய. உன்னை எந்தக் கரடியும் தூக்கிட்டுப் போகாதுடி. காது வலிச்சுத் திருப்பிக் கொண்டுவந்து விட்டுரும்."

இந்தப் பாயின்ட் அவருக்கு. ஒப்புக்கொள்கிறேன். கணக்கு பாக்கி.

செப்டம்பர் 22

இரண்டாம் படி: தாளை ஈரமாக்கு. மூன்றாம் படி: வெளிர் நிறத்தை முதலில் ஓடவிடு, அடர்த்தி பிறகு. நீர்வண்ணத்தில் வெள்ளை என்று ஒரு வண்ணமே கிடையாதாம். வெள்ளை வேண்டும் என்றால் அந்த இடத்தைத் தொடாமல் விட வேண்டும். கரடியின் வெளிறிய மூக்கையும் நெஞ்சில் இருக்கும் வளைந்த பட்டையையும் விட்டுவிட்டேன். விடுவதில் எனக்குப் பழக்கம் உண்டு.

நான்காம் படி: முழுவதும் காயும்வரை பொறுத்திருங்கள்.

இதை எழுதியவர் வெயில் காயும் ஊர்க்காரர். இங்கே மதியம் இரண்டு மணிக்கு மூடுபனி சன்னல் வழியாக வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது. துவைத்த பாவாடையே மூன்று நாள் காயாது. நாங்கள் இருப்பது லயன் வீடு, ஆனால் சிங்கம் கிடையாது, வரிசையாகப் பத்துக் கதவு மட்டும்தான். பத்து வீட்டிலும் சுவர் வியர்க்கிறது.

துண்டறிக்கையின் ஓரத்தில் ஒரு குறிப்பு: 'வரையும் விலங்கைப் போல ஒரு தடவை நின்று பாருங்கள். அதன் எடை எங்கே இறங்குகிறது என்று உங்கள் உடல் சொல்லும்.' அம்மாவின் கறுப்புக் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு நின்று பார்த்தேன். கையைத் தூக்கினேன். கண்ணாடியில் பார்த்து எனக்கே திக்கென்றது.

நாளை பரீட்சை மதியத்தோடு முடிகிறது. சந்தனமேரி அக்கா நாலரைக்குப் பிள்ளைக்காம்பராவைப் பூட்டிக்கொண்டு ஏழாம் நம்பர் தேயிலைக்காட்டு வழியாகத்தான் வருவார். பனி இருக்கும். கரடியும் இருக்கும். ஹி ஹி.

செப்டம்பர் 23

மூடுபனி. எழுத ஒன்றுமில்லை.

செப்டம்பர் 24

லயன் முழுக்க ஒரே பேச்சு. சந்தனமேரி அக்காவைக் கரடி துரத்திவிட்டது. ஏழாம் நம்பர் வடிகாலில் விழுந்து வலது கால் இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது. கொழுந்து லாரிக்காரர்கள் பார்த்துத் தூக்கும்போது மணி ஐந்தரை. ஒரு மணி நேரம் மழைத் தண்ணீரில் கிடந்திருக்கிறார். "கரடி" என்று மட்டும் சொன்னாராம். கோத்தகிரி ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள்.

நேற்று நான் பரீட்சை முடிந்து நேராக வீட்டுக்கு வந்தேன். வீட்டில்தான் இருந்தேன். இதைத் தேதி போட்டு எழுதி வைக்கிறேன்.

எட்டாம் நம்பரில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பாக்கியம் அத்தைக்கு அக்கா கத்தியது கேட்டிருக்கிறது. "என்னாடி, என்னாடின்னு கத்துச்சு. நான் யார்கூடவோ சண்டைன்னு நெனச்சேன். கரடியப் போயி டி போட்டுக் கூப்பிட்டிருக்கா பாரு!"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்க்கும் பார்வை.

"கரடியிலயே ஒரு டி இருக்கே அத்தை" என்றேன்.

நல்ல சிரிப்பு. நானும் வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை.

அம்மா வீட்டுக்கு வந்ததும் கேட்டார். "கம்பளி ஏன்டி சொட்டச் சொட்டத் தொங்குது?"

"நனைஞ்சிருச்சும்மா."

"வீட்டுக்குள்ளயா மழை பெஞ்சுது?"

"ஓடு ஒழுகுது."

"எங்க?"

"இப்ப நின்னுருச்சு."

காலாண்டுப் பரீட்சையையும் அக்காவின் காலையும் வைத்து ஒரு சிலேடை தோன்றியது. எழுதி, படிக்க முடியாதபடி அடித்துவிட்டேன்.

செப்டம்பர் 25

வனத்துறை ஜீப் வந்தது. ஏழாம் நம்பர் மேட்டில் கூண்டு வைத்துவிட்டார்கள். உள்ளே வாழைப்பழம், வெல்லம், ஒரு தட்டில் நல்லெண்ணெய். எண்ணெய் வாசனைக்குக் கரடி எங்கிருந்தாலும் வந்துவிடுமாம். வனக்காவலர் போஜன் அண்ணன் வீடு வீடாக விசாரித்தார். எங்கள் வீட்டில் படத்தைப் பார்த்து நின்றுவிட்டார்.

"நீதான் வரையிறியா? கரடிய எப்பப் பாத்தே?"

"பாத்ததே இல்லையே. எதுக்குக் கேக்கறீங்க?"

"சும்மாதான். பாத்த மாதிரி நிக்குது."

ஐந்தாம் படி: ரோமம். கறுப்பைக் கறுப்பாகவே பூசக் கூடாதாம். அது செத்த கறுப்பு. நீலத்தையும் செம்பழுப்பையும் கலந்தால் உயிருள்ள கறுப்பு கிடைக்கும் என்று போட்டிருக்கிறது. 'உயிருள்ள', 'கறுப்பு' என்ற இரண்டு சொல்லும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் கலந்தேன். கிண்ணத்தில் அது அசைந்தது. தண்ணீர்தானே, அசையும்.

முதல் பூச்சு இன்னும் காயவில்லை. பொறுக்காமல் மேலே பூசிவிட்டேன். கரடியின் தோளுக்குப் பின்னால், நான் தூரிகையே வைக்காத இடத்தில், சாம்பல் நிறமாக ஒரு கறை ஊறிக்கொண்டு வருகிறது. புதிதாக வரைபவர்கள் செய்யும் தவறுதான் இது, துண்டறிக்கையில் படத்தோடு போட்டிருக்கிறது. அதில் இருக்கும் கறை காலிஃபிளவர் மாதிரி இருக்கிறது. என்னுடையது அப்படி இல்லை.

செப்டம்பர் 26

சமூக அறிவியல் பரீட்சை. கறை இன்று ஒரு விரற்கடை உயரம் கூடியிருக்கிறது. கரடி காயவில்லை.

செப்டம்பர் 27

பிடித்துவிட்டார்கள்.

பரீட்சை விட்டதும் பள்ளியே ஏழாம் நம்பருக்கு ஓடியது. நானும் போனேன். போகாவிட்டால் ஏன் போகவில்லை என்று கேட்பார்களே.

பனியில் கூண்டு தெரிவதற்கு முன்னால் சத்தம்தான் வந்தது. யாரோ சூடான டீயை உறிஞ்சுவது போல, நிற்காமல். பக்கத்தில் போனபிறகுதான் தெரிந்தது, அது தன் உள்ளங்காலை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தது. பெண் கரடியாம். நான் நினைத்ததைவிடச் சிறியது, நிற்கவைத்தால் என் தோள் வரைதான் வரும். கம்பியைக் கடித்து இரண்டு பல் போய்விட்டது. நெஞ்சில் வெள்ளைப் பட்டை. படத்தில் நான் விட்டிருப்பது போலவே.

பாக்கியம் அத்தை மண்ணை வாரிக் கூண்டின் மேல் எறிந்தார். "பாவி! ஒரு பொம்பளையக் காலொடிச்சுட்டு முழிக்கிறதப் பாரு."

அது அத்தையைப் பார்க்கவில்லை. அத்தனை பேரில் என்னை மட்டும் பார்த்தது. இல்லை, என்னையும் பார்க்கவில்லை. எனக்குக் கொஞ்சம் பின்னால், கொஞ்சம் மேலே பார்த்தது. திரும்பிப் பார்த்தேன். பனிதான் இருந்தது.

"இதை என்ன செய்வீங்கண்ணே?" என்று கேட்டேன்.

போஜன் அண்ணன் குரலைத் தாழ்த்தினார். "சும்மா வந்து மாட்டியிருந்தா உள்காட்டுல கொண்டுபோய் விட்டிருப்போம். மனுசங்களத் துரத்தினதுன்னு எழுதியாச்சு. இனி மிருகக்காட்சி சாலைதான். ரேஞ்சர் ஒண்ணாம் தேதி கையெழுத்துப் போடறார். இந்த வயசுல கூண்டுக்குப் போனா ரொம்ப நாள் தாங்காது."

"இது துரத்தலைன்னா?"

"அப்ப எது துரத்துச்சு?"

மழை வந்துவிட்டது. வீட்டுக்கு வந்துவிட்டேன்.

செப்டம்பர் 28

லீவு. புதுத் தாளில் முதலிலிருந்து தொடங்கினேன். பழைய படத்தில் அந்தக் கறை நின்றுகொண்டிருக்கிறது. ஆமாம், 'நிற்கிறது' என்றுதான் எழுத வருகிறது. ஈரத்துணியால் ஒற்றி எடுத்தேன். போய்விட்டது. டீ குடித்துவிட்டு வந்தேன், திரும்ப வந்திருந்தது.

புதுத் தாளில் பின்னணிப் பக்கம் தூரிகையே கொண்டுபோகவில்லை. அடுப்புக்கு மேலே பிடித்துக் காயவைத்தேன். சரியாக வந்துகொண்டிருந்தது. ஆறாம் படி: கண். கண்ணில் குண்டூசித் தலை அளவுக்கு வெள்ளை விட வேண்டும், அந்த வெள்ளையில்தான் அது எதைப் பார்க்கிறது என்பது தெரியும். விட்டேன். சாயங்காலம் பலகையிலிருந்து எடுக்கும்போது பார்க்கிறேன், இரண்டாவது தாளிலும் அதே தோளுக்குப் பின்னால் அதே சாம்பல். கரடியைவிட ஒரு தலை உயரம். இரண்டு காலில்.

காரணம் தெரிந்துவிட்டது. இரண்டு தாளையும் ஒட்டி வைத்தது ஒரே பலகையில், பழைய அலமாரிக் கதவு. அதில் அந்த இடத்தில் ஈரம் ஊறியிருக்கிறது. தாள் அதை உறிஞ்சுகிறது. அவ்வளவுதான். அறிவியல்.

பலகையைத் திருப்பிப் பார்த்தேன். தடவியும் பார்த்தேன். அந்த இடம் காய்ந்திருந்தது.

செப்டம்பர் 29

ஞாயிற்றுக்கிழமை. அம்மா ரேஷன் துவரம்பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் கேட்டார்.

"திங்கக்கிழமை நாலரைக்கு எங்கடி இருந்தே?"

"வீட்ல."

"கம்பளி?"

"அதுவும் வீட்லதான். நாங்க ரெண்டு பேரும் பேசிட்டு இருந்தோம்."

அம்மா சிரிக்கவில்லை. ஒரு கல்லை எடுத்துத் தரையில் வைத்தார். அப்புறம் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இன்னொரு பொய் சொல்லித் தப்பித்திருப்பேன்.

சரி. எழுதுகிறேன். 23ஆம் தேதிக்கு நான் ஒரு வரிதான் கொடுத்தேன். மீதி இது.

நாலேகாலுக்கே போய்விட்டேன். ஏழாம் நம்பரில் பாதை வளையும் இடத்தில், தேயிலைச் செடிகளுக்கு நடுவே, ஒரு சில்வர் ஓக் மரத்துக்கு முன்னால் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு நின்றேன். இருபது நிமிடம் இருக்கும். பனி கையெட்டும் தூரத்தில் சுவர் மாதிரி நின்றது. பிறகு கொஞ்சம் விலகியது. அக்கா வந்தார். டிபன் கேரியரை ஆட்டிக்கொண்டு, ஏதோ முணுமுணுத்துக்கொண்டு. பதினைந்து அடி இருக்கும்போது நிமிர்ந்தார். நான் இரண்டு கையையும் தூக்கினேன்.

அக்காவின் முகம் அப்படி ஆகும் என்று நான் நினைக்கவில்லை. ஒரு நொடி அப்படியே நின்றார். பிறகு "என்னாடி! என்னாடீ!" என்று கத்தினார். டிபன் கேரியரை எறிந்தார். கம்பளி முகத்தில் சரிந்து எனக்குக் கண் தெரியவில்லை. தடதடவென்று ஓடும் சத்தம், அப்புறம் வடிகாலில் விழும் சத்தம். நான் சிரித்தேன். வயிறு வலிக்கச் சிரித்தேன்.

அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. கம்பளியை விலக்கினேன். பனி மறுபடி மூடியிருந்தது. "அக்கா" என்று கூப்பிடலாம் என்று நினைத்தேன். கூப்பிடவில்லை. வீட்டுக்கு வந்துவிட்டேன். கைகழுவிவிட்டு டீ குடித்தேன்.

ஒரு மணி நேரம் கிடந்திருக்கிறார்.

கரடி நான்தான். கூண்டில் இருப்பது வேறு யாரோ. நாளை மறுநாள் அதற்குக் கையெழுத்து. அதற்கு முன் நான் வாயைத் திறக்க வேண்டும். என் வாய் எதற்கெல்லாமோ திறக்கும்.

செப்டம்பர் 30

அம்மாவிடம் ஹெச்.எம். கூப்பிட்டதாகச் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். (கடைசிக் கரடி. சத்தியமாக.) படத்தைப் பாலித்தீன் கவரில் சுற்றி எடுத்துக்கொண்டேன். வெறுங்கையோடு போக ஒரு மாதிரி இருந்தது. எல்லாரும் ஆரஞ்சு வாங்கிப்போவார்கள். நான் கரடி.

சந்தனமேரி அக்கா மாவுக்கட்டுப் போட்ட காலைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு படுத்திருந்தார். குரல் மட்டும் எழுந்து உட்கார்ந்தது. "யாரு, சர்க்கஸ் கம்பெனியா? வா."

நின்றபடியே சொல்லிவிட்டேன். கம்பளி, கை, சிரிப்பு, வீட்டுக்குப் போனது. ஒரு சிலேடையும் இல்லாமல். இவ்வளவு நீளமாக நான் உண்மை பேசியது இதுதான் முதல் தடவை. மூச்சு வாங்கியது.

அக்கா ஆச்சரியப்படவில்லை.

"கரடி ஊதா வார் வெச்ச ரப்பர் செருப்பு போடுமாடி? கம்பளிக்குக் கீழ ரெண்டும் பளிச்சுனு தெரிஞ்சுது. பாத்ததுமே நீதான்னு தெரியும்."

"தெரியுமா? அப்ப ஏன்க்கா என் பேரைச் சொல்லலை?"

"சொன்னா? உங்கம்மா தோல உரிச்சிருப்பா. அதை ஏன் அவளுக்கு விட்டுக்குடுக்கணும்? கால் சரியாகட்டும், நானே உரிக்கிறேன்."

"தெரிஞ்சும் எதுக்கு ஓடினீங்க?"

"நான் எங்கடி ஓடினேன்? உன் பக்கமால்ல ஓடிவந்தேன். நடுவுல வடிகால் இருந்தது மறந்துபோச்சு."

எனக்குப் புரியவில்லை. அக்கா கவரைக் காட்டினார். "அது என்ன?" எடுத்துக் கொடுத்தேன். முகத்துக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இதை யாருடி சொன்னது உனக்கு?"

"எதை?"

"முன்னாடி நிக்கிறது நீ. சரி. பின்னாடி இது நின்னத நான் யார்கிட்டயும் சொல்லலையே."

அவர் விரல் அந்தச் சாம்பல் கறையின் மேல் இருந்தது.

"அது... அது ஈரம்க்கா. காயலை."

"இதேதான். இதே உசரம். உன் தலைக்கு மேல அதோட மூக்கு. நீ கையத் தூக்கினதும் அதுவும் தூக்குச்சு." அக்கா தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். பாதி கழுத்தில் வழிந்தது. "உன்னை வெரட்டத்தான் கத்தினேன். கேரியர அது மேலதான் எறிஞ்சேன். நீ என்னடான்னா நின்னு சிரிக்கிறே."

"நீங்க என்னாடின்னுதானே கத்தினீங்க?"

"என்னாடியா? லூசு. பின்னாடின்னு கத்தினேன். பின்னாடி! பின்னாடீ!"

வார்டில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் மட்டும் திரும்பவில்லை. கழுத்து திரும்பவில்லை.

"நீ சிரிச்ச சத்தத்துக்குத்தான் அது போச்சோ, என்ன எழவோ. வடிகாலுக்குள்ள இருந்து எனக்கு ஒண்ணும் தெரியல. உன் செருப்புச் சத்தம் தூரமாப் போறது கேட்டுச்சு. அப்பாடா, முழுசாப் போறான்னு நெனச்சேன்."

ஒரு மணி நேரம் தண்ணீரில் கிடந்துகொண்டு, அப்பாடா.

நான் அழுததை எழுதப்போவதில்லை.

கூண்டுக் கரடியைப் பற்றிச் சொன்னேன். என் தோள் உயரம்தான் என்றதும் அக்கா தலையை ஆட்டினார். "அது இல்லவே இல்ல. போஜனுக்கு நான் போன்ல சொல்லிடறேன். ஆனா நீயும் எழுதிக் குடு. உன் கையால. அந்தக் கை வேற எதுக்கு இருக்கு, தவளை பிடிக்கவா?"

அக்டோபர் 1

காலையில் அம்மாவிடம் சொன்னேன். அம்மா அடிக்கவில்லை. கம்பளியை மடித்து என் கையில் கொடுத்து, "வா" என்று முன்னால் நடந்தார். அடித்திருக்கலாம்.

கூண்டுக்குப் பக்கத்தில் ஜீப் பானட்டின் மேல் வைத்து வாக்குமூலம் எழுதினேன். ரேஞ்சர் சார் படித்துவிட்டு போஜன் அண்ணனைப் பார்த்தார். போஜன் அண்ணன் என்னைப் பார்த்தார்.

"நீ கரடி விடறவன்னு ஊரே சொல்லுதே. இதை எப்படி நம்பறது?"

"நான் கரடி விட்டதா எழுதினாத்தான்ண்ணே நீங்க கரடிய விடுவீங்க."

ரேஞ்சர் சாருக்குச் சிரிப்பு வந்து அடக்கிக்கொண்டார். "எடத்தைக் காட்டு."

மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு போனேன். பகல் பதினொரு மணிதான், ஆனாலும் பனி இறங்கத் தொடங்கியிருந்தது. பாதை வளையும் இடம். தேயிலைச் செடிகள் அங்கே இடுப்புக்கு மேல் அடர்ந்து கூடாரம் போட்டது போல இருப்பதால் மழை நேராக விழாது. போஜன் அண்ணன் குனிந்து கிளைகளை விலக்கினார். களிமண்ணில் என் செருப்புத் தடம் அச்சு வைத்தது போல இருந்தது. குதிகாலில் இருக்கும் பூ டிசைன் உட்பட.

"இதுவா?"

"இதுதான்."

அவர் எழுந்திருக்கவில்லை. என் தடத்துக்குப் பின்னால் இன்னொரு செடியை விலக்கினார். அம்மாதான் முதலில் சத்தம் போட்டார். அங்கே இரண்டு கால் தடம். மனிதக் கால் போலவே, குதிகாலோடு, ஐந்து விரலோடு. ஆனால் அகலம் என் இரண்டு உள்ளங்கையைச் சேர்த்து வைத்தாலும் போதாது. விரல்களுக்கு முன்னால் ஐந்து குழி.

அண்ணன் டேப்பை எடுத்தார். என் செருப்புத் தடத்திலிருந்து மரம் நான்கு அடி தள்ளி இருந்தது. அந்தக் கால்கள் நடுவில் இருந்தன. மரப்பட்டையில், என் தலைக்கு மேல் இரண்டு முழம் உயரத்தில், நகம் இறங்கிய கோடுகள். கோட்டில் கறுப்பு மயிர் ஒட்டியிருந்தது.

"கூண்டுல இருக்கறதோட கை இதுல பாதிகூட இருக்காது சார்" என்றார் போஜன் அண்ணன். ரேஞ்சர் சார் கையெழுத்துப் போட வைத்திருந்த தாளை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "சாயங்காலம் வண்டிய ரெடி பண்ணு. உள்காட்டுல விட்டுடலாம்."

அம்மா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். விரல் மரத்துப்போகும் அளவுக்கு.

போஜன் அண்ணன் மட்டும் இன்னும் குந்தியிருந்தார். சுண்டுவிரலை அந்தத் தடத்துக்குள் விட்டு ஆழம் பார்த்தார். முதல் கணு, இரண்டாம் கணு, முழு விரலும் உள்ளே போனது.

"வந்துட்டுப் போன கால் இப்படி எறங்காது. நீ எவ்வளவு நேரம் நின்னே?"

"இருபது நிமிஷம்."

"அதுவும் அவ்வளவு நேரம் நின்னிருக்கு."

அக்டோபர் 2

நேற்றே விட்டுவிட்டார்கள். கூண்டுக் கதவைத் தூக்கியதும் அது ஐந்து நிமிடம் வெளியே வரவில்லையாம். வந்த பிறகு ஓடவில்லையாம், நடந்துதான் போனதாம். போஜன் அண்ணன் எங்கள் வீட்டு வாசலில் வந்து சொல்லிவிட்டுப் போனார். பெரியது அகப்படவில்லை, தேடப்போவதும் இல்லை, அது யாரையும் தொடவில்லையே என்றார்.

லீவு நாள்தான், ஆனாலும் ஹெச்.எம். வந்திருந்தார், மேசையில் படத்தை வைத்தேன். "ஹ்ம்" என்றார். கறையைச் சுட்டிக்காட்டி, "இந்த நிழல் நல்லா வந்திருக்கு, எப்படிப் போட்டே?" என்றார். தெரியாது மிஸ் என்றேன். என்னிடமிருந்து ஒரே வார்த்தையில் பதில் வந்ததால் உடம்பு சரியில்லையா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். அக்கா நடக்கிறவரை தினமும் சாயங்காலம் பிள்ளைக்காம்பராவைக் கூட்டி, முப்பது குழந்தைகளுக்கும் மூக்கு துடைக்க வேண்டும். அது அம்மா கொடுத்த தண்டனை.

வாக்குமூலத்தில் எல்லாவற்றையும் எழுதினேன். ஒன்றை மட்டும் எழுதவில்லை. யாரும் கேட்கவில்லை, அதனால் எழுதவில்லை.

அன்றைக்கு அந்த இருபது நிமிடமும் எனக்குக் குளிரவே இல்லை. நின்று நின்று கால் வலித்தபோது, மரம்தான் என்று நினைத்துப் பின்னால் சாய்ந்துகொண்டேன்.

வெதுவெதுப்பாக இருந்தது.